பெட்டி முன்னே போகட்டுமா, கையோடு வரட்டுமா?

தங்கச்சிமடத்திலிருந்து மச்சானும் மதினியும் போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். வருகிற மார்ச் கடைசியில் இருவரும் முதல்முறையாக அங்கே போகிறார்கள். விசா, விமானச் சீட்டு எல்லாம் மகன் பொறுப்பு. மச்சான் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டோக்கியோவுலருந்து கியோட்டோ, ஹிரோஷிமான்னு ஊர் ஊரா ரயில்ல போயிட்டு வரச் சொல்றான். பெட்டிய முன்னாடியே அனுப்பி வச்சிருவோம்ங்கிறான். நம்ம பெட்டி நம்ம கையில இருக்கிறதுதான மாப்ள நல்லது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. அஞ்சலகப் பார்சல் கவுண்டரில் பல வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மகளைப் பார்க்க ஜப்பானுக்கும், தங்கை மகனைப் பார்க்க ஜெர்மனி, சுவிட்சர்லாந்துக்கும் மனைவியோடு போய்வந்தேன். முதல் பயணத்தில் பெட்டியை அனுப்பினோம். இரண்டாவது பயணத்தில் பெரும்பாலும் தூக்கிக்கொண்டே அலைந்தோம். இரண்டிலும் நல்லதும் பட்டேன், கெட்டதும் பட்டேன். மச்சானுக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் கடற்கரையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற பெற்றோர் இப்போது நிறையப் பேர்.

சுமை எங்கே கனக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை நான் வெளிநாட்டில் படிக்கவில்லை, மண்டபம் ஸ்டேஷனில் படித்தேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேசுவரம் போக வேண்டியவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பஸ்ஸோ வேனோ பிடித்துத்தான் தீவுக்குள் போனார்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் வந்தவர்களுக்கு ரயிலுக்குள் ஒரு கஷ்டமும் இருக்காது. பெட்டி சீட்டுக்கு அடியில் கிடக்கும். இறங்கிய பிறகு பிளாட்பாரம், படி, ரோடு, பஸ்ஸின் உயரமான படிக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும்போதுதான் வயசாளிகள் மூச்சு வாங்கி நிற்பார்கள். காசியிலிருந்து வந்த ஒரு பாட்டி தன் தகரப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ரயில் பயணத்தில் பெட்டி கனப்பது ரயிலில் அல்ல, ரயிலுக்கு முன்னும் பின்னும்தான். எந்த நாட்டுக்குப் போனாலும் கணக்கு இதுவே. எத்தனை மணி நேரம் ரயில் என்று கேட்காதீர்கள். எத்தனை இடத்தில் ஏறி இறங்கி மாற வேண்டும், எத்தனை படி என்று கேளுங்கள்.

பெட்டியை நமக்கு முன்னே அனுப்புவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவில் இருப்பவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே 'கார்கோ' போட்டுவிடுவார்கள். பால்மாவு, போர்வை, சென்ட், சைக்கிள் எல்லாம் அதில் வந்து சேரும். ஆள் கைப்பையோடு இறங்குவார். எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிவரை போட் மெயில் ஓடியது. அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு. தாத்தாவின் இரும்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்ட்டில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழியும் அதோடு போனது. பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, எழுத்தும் அழியவில்லை. பெட்டியின்மேல் எழுதியிருக்கும் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நான் ஜப்பானில்தான் உணர்ந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி ஜப்பான். அனுப்புவதா தூக்குவதா என்ற கேள்விக்கு அனுப்புவதே மேல் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய நாடு அது.

அங்கே இந்தச் சேவையைத் தக்யூபின் என்கிறார்கள். யமாடோ என்ற நிறுவனம் 1976-இல் தொடங்கியது. குட்டியைக் கழுத்தில் கவ்விப்போகும் கறுப்புப் பூனைதான் அவர்கள் சின்னம். இதே வேலையைச் செய்யும் வேறு நிறுவனங்களும் இருக்கின்றன, ஜப்பான் அஞ்சல் துறையும் செய்கிறது. நாம் தங்கியிருக்கும் ஓட்டலின் வரவேற்பில் காலையில் பெட்டியைக் கொடுத்தால் போதும். அவர்களே படிவம் தருவார்கள், பலசமயம் அவர்களே எழுதியும் தருவார்கள். டோக்கியோவில் இன்று கொடுத்தால் கியோட்டோவில் நாளைக்குக் கிடைக்கும். வடக்கே ஹொக்கைடோ, தெற்கே ஒகினாவா போன்ற தூரத்துப் பகுதிகளுக்கு இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ கூடும். எந்த நேரத்துக்குள் வர வேண்டும் என்பதையும் படிவத்தில் குறிக்கலாம்: முற்பகலா, பிற்பகலா, இரவு 7 முதல் 9-க்குள்ளா என்று.

எங்கள் கவுண்டரில் தராசுதான் பேசும். அங்கே டேப்பும் சேர்ந்து பேசுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி வரும் சென்டிமீட்டர்தான் அளவு. கூட்டுத்தொகை 160 என்றால் எடை 25 கிலோவரை. அதற்கு மேல் 200 சென்டிமீட்டர்வரை 30 கிலோ. அளவையும் தூரத்தையும் பொறுத்துக் கட்டணம் மாறும். ஒரு பெரிய பெட்டிக்கு ஏறத்தாழ 2,000 யென்னிலிருந்து 3,500 யென்வரை என்று வைத்துக்கொள்ளலாம். டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (அங்குள்ள அதிவேக ரயில்) சீட்டே ஆளுக்கு 14,000 யென் அளவில் ஆகிறது. அத்தனை செலவு செய்து போகிறவர் இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க இடுப்பைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, ஷின்கான்சென்னில் தூக்கிக்கொண்டு ஏறினால் என்ன? ஏறலாம், தடையில்லை. ஆனால் டோக்கியோவிலிருந்து கியோட்டோ, ஹிரோஷிமா வழியாக மேற்கே போகும் தடங்களில் 2020 மே முதல் ஒரு விதி இருக்கிறது. மூன்று பக்கக் கூட்டு 160 சென்டிமீட்டரைத் தாண்டி 250-க்குள் இருந்தால், பெட்டி வைக்க இடம் சேர்ந்த இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பதிவில்லாமல் கொண்டுவந்தால் 1,000 யென் வாங்குவார்கள். 250-ஐத் தாண்டினால் ஏற்றவே கூடாது. விமானக் கம்பெனிகள் வழக்கமாக அனுமதிக்கும் பெட்டி 158 சென்டிமீட்டர். ஆகவே நாம் கடையில் வாங்கும் பெரிய பெட்டி இந்த விதிக்கு மயிரிழையில் தப்பிவிடும்.

விதிக்குத் தப்பினாலும் தோளுக்குத் தப்பாது. 160-க்கு உட்பட்ட பெட்டியைப் பெரும்பாலும் தலைக்கு மேலே உள்ள தட்டில்தான் ஏற்ற வேண்டும். 23 கிலோ. மச்சான் வலை இழுத்த கை, ஒரு தடவை ஏற்றிவிடுவார். பக்கத்துச் சீட்டுக்காரருக்கு இடிக்காமல் இறக்குவது வேறு வேலை. நடு ஸ்டேஷன்களில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். கியோட்டோ வரப்போகிறது என்ற அறிவிப்பு கேட்டதுமே எழுந்து கதவருகே போய் நின்றுவிட வேண்டும். நம் ஊரில் வண்டி பரமக்குடியைத் தாண்டினதும் ராமநாதபுரத்துக்காரர்கள் வாசலில் நிற்பார்களே, அதுபோல. அதைவிடக் கஷ்டம் ஊருக்குள். கியோட்டோவில் நகரப் பேருந்தில் சுற்றுலாக்காரர்களின் பெட்டிகளால் உள்ளூர்க்காரர்களுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. பெட்டியை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வாருங்கள் என்று அந்த நகரமே பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. விருந்தாளியாகப் போகிற வீட்டில் அவர்கள் சொல்வதைக் கேட்பது நமக்கு அழகு.

இனி அந்தப் பெயர் விஷயம். கியோட்டோவில் அறையை மருமகன் தன் பெயரில் பதிவு செய்திருந்தார். நான் பெட்டியின் சீட்டில் என் பெயரை, இனிஷியலோடு, அஞ்சலகப் பழக்கப்படி எழுதினேன். பெட்டி சொன்ன நேரத்தில் ஓட்டலுக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்கள் பட்டியலில் அந்தப் பெயரில் விருந்தினர் யாரும் இல்லை. என் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக நிற்கிறது. மருமகன் பெயர் வேறு. சீட்டில் இருப்பது மூன்றாவதாக ஒரு பெயர். பெட்டி ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது. அது எங்களுடையது என்று நிறுவ முக்கால் மணி நேரம் ஆனது. மனைவியின் சர்க்கரை மாத்திரை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அந்த முக்கால் மணி நேரம் நான் பட்ட தவிப்பை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடிக்கிறது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் "விலாசத்தைச் சரியா எழுதுங்க" என்று சொன்னவன் நான்.

ஆகவே தமிழ்ப் பெயர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது. ஓட்டல் பதிவு யார் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல் சீட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் நாம் அங்கே போய்ச்சேரும் தேதியையும் எழுத வேண்டும். பெட்டி நமக்கு ஒரு நாள் முந்திப் போனாலும் இவர் நாளைக்கு வருகிறவர் என்று வாங்கி வைப்பார்கள். ஏற்புச் சீட்டின் நகலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண்ணை வைத்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

அனுப்புவதில் உள்ள உண்மையான குறை ஒன்றுதான். இன்று கொடுத்தால் நாளைக்குத்தான் வரும். அதாவது ஒரு ராத்திரி பெட்டி நம்மிடம் இருக்காது. ஒரே ஒரு இரவு தங்குகிற ஊருக்கு அனுப்பிப் பயனில்லை. அது வந்து சேரும்போது நாம் கிளம்பிக்கொண்டிருப்போம். இரண்டு இரவோ மேலோ தங்கும் ஊருக்கு அனுப்புங்கள். ஒரு இரவு ஊரைத் தாண்டி, அதற்கு அடுத்த ஊருக்கு நேராக அனுப்புங்கள். ஒற்றை இரவுக்கு ஒரு தோள்பை போதும்.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கேயும் வீட்டுக்கு வந்து பெட்டியை வாங்கிப்போய் இன்னொரு விலாசத்தில் சேர்க்கும் சேவைகள் உண்டு. ஆனால் வேலைநாள் கணக்கில் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும், நடுவில் ஞாயிறு வந்தால் அந்த நாள் கணக்கில்லை. மூன்று நாளைக்கு ஓர் ஊர் என்று திரிகிறவருக்கு அது ஒத்துவராது. நாங்கள் தூக்கிக்கொண்டோம். அவர்களுடைய விரைவு ரயிலில் பெட்டி வைக்க நல்ல வசதி இருக்கிறது. ரயில்பெட்டியின் கோடியில் தனித் தட்டு, முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ஒரு சந்து. தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. கஷ்டம் வந்தது வண்டி மாறும் இடத்தில்தான். ஒரு பெரிய சந்திப்பில் எட்டு நிமிடத்தில் அடுத்த வண்டி. பிளாட்பாரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றி அறிவித்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு படிக்கட்டு இறங்கி, சுரங்க வழி நடந்து, இன்னொரு படிக்கட்டு ஏறினோம். மனைவிக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அந்தப் பயணம் முழுக்க இடது கையாலேயே சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓரிரவு ஊர்களுக்குப் பெரிய பெட்டியைக் கொண்டுபோவதை நிறுத்தினோம். ஜெர்மன் ஸ்டேஷன்களில் பூட்டுப்பெட்டி (லாக்கர்) உண்டு, அதிகபட்சம் 72 மணி நேரம் வைக்கலாம். போன வழியே திரும்பி வருவதாக இருந்தால் அது அனுப்புவதையும்விட, தூக்குவதையும்விட மேல். ஜெர்மனியில் என் முடிவு: தூக்குங்கள், ஆனால் ஆளுக்கு 12 கிலோவுக்கு மேல் வேண்டாம், வண்டி மாற அரை மணி நேரமாவது இருக்கும்படி சீட்டு எடுங்கள்.

சுவிட்சர்லாந்தில் ரயில்வேயே பெட்டியை வாங்கிக்கொள்கிறது. ஒரு ஸ்டேஷனில் கொடுத்து இன்னொரு ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மலை ஏறும் சிறு ரயில்களில் நாலைந்து நிமிடத்தில் வண்டி மாற வேண்டியிருப்பதால் இது பெரிய உதவிதான். ஆனால் காலையில் கொடுத்து மாலையில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள், நாள் கணக்கு ஆகும். விலையும் அந்த நாட்டு விலை. ஒரே மலையூரில் நாலு நாள் தங்குகிறவருக்கு ஏற்றது. எங்களுக்கு அங்கே மூன்றே இரவுகள் இருந்ததால் தூக்கிக்கொண்டோம்.

மற்ற நாடுகளுக்கு நான் போனதில்லை, விதிகளை மட்டும் சொல்கிறேன். சீனாவின் அதிவேக ரயிலில் பெரியவர் ஒருவருக்கு 20 கிலோ, மூன்று பக்கக் கூட்டு 130 சென்டிமீட்டர்தான். விமானத்தில் கொண்டுபோன பெரிய பெட்டி அந்த அளவுக்குள் வராது. பிரான்சின் டிஜிவி ரயிலில் இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும், எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு கட்டாயம். லண்டன்–பாரிஸ் யூரோஸ்டாரில் 85 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. அமெரிக்காவின் ஆம்ட்ராக்கில் சில வண்டிகளில், சில ஸ்டேஷன்களில், ஒவ்வொன்றும் 23 கிலோ அளவில் இரண்டு பெட்டிகளைக் கட்டணமில்லாமல் அதே வண்டியின் லக்கேஜ் வேனில் ஏற்றிக்கொள்கிறார்கள். நாம் எழும்பூரில் பிரேக் வேனில் புக் பண்ணுவது போலத்தான். பெட்டியும் நாமும் ஒன்றாகப் போய்ச்சேர்வதால், கிடைக்கும் இடத்தில் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியை அனுப்பினாலும் கையில் இருக்க வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட், பணம், நகை, கண்ணாடி, பவர் பேங்க், மாற்றுத்துணி ஒன்று. மாத்திரை ஒரு நாளைக்கு மட்டும் போதாது, பயணம் முழுமைக்குமானது கையில் இருக்கட்டும். முக்கால் மணி நேரம் நின்றவன் சொல்கிறேன்.

தின்பண்டம் பற்றி மதினி கேட்டார். மகனுக்குக் கீழக்கரைத் தொதலும், கருப்பட்டியும், நெத்திலிக் கருவாடும் கொண்டுபோக ஆசை. ஜப்பானுக்குள் இறைச்சி எதுவும் கூடாது, ஆகவே உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம் எதுவும் முறையான சான்றில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கருவாட்டைக் காற்றுப் புகாமல் இரண்டு உறை போட்டு, விமானத்திலிருந்து இறங்கியதும் நேராக மகன் வீட்டில் வைத்துவிடுங்கள் என்றேன். அது டோக்கியோவுக்கு அப்பால் எந்தப் பெட்டியிலும் போகக் கூடாது. அனுப்பிய பெட்டி ஓர் இரவு மற்றவர்களின் துணிமணிப் பெட்டிகளோடு கிடக்கும். ரயிலில் என்றால் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருப்பார்.

மச்சானுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "காணாமப் போச்சுன்னா?" என்றார். நியாயமான பயம். ஜப்பானில் அது அரிது என்று மகளும் மருமகனும் சொல்கிறார்கள், எங்கள் பெட்டிகள் நாலு தடவை போய் நாலு தடவையும் வந்தன. ஆனால் பயம் கணக்கால் போவதில்லை. போனால் அழ வேண்டிய பொருள் எதுவும் அந்தப் பெட்டிக்குள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பயம் தானாகக் குறையும். மதினி தன் கல்யாணப் பட்டுச்சேலையைக் கியோட்டோவில் கட்டிப் படமெடுக்க வேண்டும் என்றார். அதைக் கைப்பையில் வையுங்கள் என்றேன். முகம் மலர்ந்தது.

கடைசியில் மூவருமாக உட்கார்ந்து போட்ட திட்டம் இது. விமானத்தில் போகும் இரண்டு பெரிய பெட்டிகளும் டோக்கியோவில் மகன் வீட்டைவிட்டு நகரக் கூடாது. நடுத்தரப் பெட்டி ஒன்றில் இருவர் துணியையும் வைத்து, கிளம்புவதற்கு முந்தின நாள் கியோட்டோ ஓட்டலுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே மூன்று இரவு. நாலாம் நாள் காலை அந்தப் பெட்டி கியோட்டோவிலிருந்து நேரே டோக்கியோவுக்குத் திரும்பும். மகன் வேலையிலிருந்து வந்துவிடும் நேரமாகப் பார்த்து, இரவு 7 முதல் 9 என்று குறிக்க வேண்டும். மச்சானும் மதினியும் ஆளுக்கொரு தோள்பையோடு ஹிரோஷிமாவில் ஓர் இரவு தங்கித் திரும்புவார்கள். போகவர இரண்டு தடவை அனுப்ப ஐயாயிரம் யென்னுக்குள் முடியும். மச்சானுக்குப் போன வருடம்தான் மூட்டு அறுவை நடந்தது. டோக்கியோ ஸ்டேஷனின் நடையை அந்தக் காலோடும் ஒரு பெட்டியோடும் நடக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பெயர்ச்சீட்டுக்கு மகனிடம் ஓட்டல் பதிவின் நகலைக் கேட்டிருக்கிறோம். வந்ததும் அதிலுள்ளபடியே எழுதிக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. நேற்று இரவு மதினி போனில் கூப்பிட்டார். துணியெல்லாம் வைத்து நடுத்தரப் பெட்டியை வீட்டுத் தராசில் நிறுத்தியிருக்கிறார். 16 கிலோ. இரண்டு போர்வை இருக்கிறதாம். அங்கே ஓட்டலில் போர்வை தருவார்கள், அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.